மடத்து வாசலில் கழற்றிய சப்பாத்து

அந்தப் பயணத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். சிட்னி டூங்கபியில் வசிக்கும் தேவராஜாவாகிய நான், என் மனைவி இரஞ்சிதம், எங்கள் மகள் வினுஷா, மகன் கஜீவன், வினுஷா மணக்க விரும்பிய நிக்கோ, நிக்கோவின் தாயார் வசிலிக்கி. ஏழாவது ஆளாக, மலைமேலிருந்த மடத்தில் எங்களை வரவேற்றவர் வசிலிக்கியின் மூத்த சகோதரர், துறவியான பாதர் யெராசிமோஸ். வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் யோகா அங்கே இருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

நிக்கோ பிளாக்டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன். கிரேக்கர், ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். தகப்பன் இல்லை. ஒரு வருடமாக அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறான். வந்தால் கதிரையில் நிமிர்ந்து இருப்பான். சாப்பிட்ட கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவுவான். அவனைப்பற்றிக் குறை சொல்ல நான் முயன்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஆனால் சமயம் என்பது வேறு விஷயம். என் பாட்டனார் தமிழும் ஆங்கிலமும் நன்றாகக் கற்றவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஆசிரியர் வேலை காத்திருந்தது. ஞானஸ்நானம் பெற்றால் மறுநாளே சேரலாம் என்றார்கள். அவர் திரும்பி வந்து வெங்காயம் பயிரிட்டார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் கதை அது. வேலைக்காக மாறாத குடும்பம் கல்யாணத்துக்காக மாறாது என்று வினுஷாவிடம் சொன்னேன்.

"நான் மாறுவன் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் வினுஷா.

"அவையள் கேட்பினம்."

"கேட்டால் நான் இல்லை எண்டு சொல்லுவன், அப்பா. ஆனால் ஒண்டு. நீங்களும் நிக்கோவின்ர அம்மாவும் ரெண்டு பேரும் சம்மதிக்காமல் நான் கட்டமாட்டன். ஒராள் வராத கல்யாணம் எனக்கு வேண்டாம்."

வசிலிக்கியோ தன் சகோதரர் சொல்லாமல் எதற்கும் தலையசைக்க மாட்டார். அந்தச் சகோதரர் சிட்னியிலிருந்து ஏழு மணிநேரத் தூரத்தில், பனிமலைப் பக்கம் உள்ள ஒரு மடத்தில் நாற்பது வருடமாகத் துறவியாக இருக்கிறார். தொலைபேசியில் பேசுவதில்லை. ஆகவே நேரில் போவதென்று முடிவானது. ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேசமுடியாது என்று இரஞ்சிதம் அவசரப்படுத்தினாள். ஜூலை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை குறித்தோம். வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் விரதநாள் என்று நிக்கோ சொன்னபோது இரஞ்சிதம் மிகவும் சந்தோஷப்பட்டாள்.

"பாத்தீங்களே, எங்களைப் போலத்தான்," என்றாள்.

புறப்படுமுன் எல்லோரையும் முன்னறையில் இருத்தி ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். அங்கே என் மகளைப் பார்த்து யாராவது ஞானஸ்நானம் என்ற சொல்லை எடுத்தால், நான் எழும்பிப்போய் வாகனத்தில் ஏறிவிடுவேன். அதன்பிறகு இந்தப் பேச்சு இல்லை.

"சரி அப்பா," என்றான் கஜீவன். "ஆனால் வாகனத் திறப்பு நிக்கோ அண்ணையிட்ட இருக்கும்."

எட்டுப் பேர் இருக்கக்கூடிய வாகனம் ஒன்றை நிக்கோ வாடகைக்கு எடுத்திருந்தான்; சாவியும் அவனிடம்தான். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நான் முன்னால், தாய்மார் இருவரும் நடுவில், பிள்ளைகள் பின்னால். இரஞ்சிதத்தின் மடியில் ஒரு பெரிய சட்டி. அதைப் பின்னால் வைக்க அவள் யாரையும் விடவில்லை.

கன்பராவைத் தாண்டியதும் வீதி ஒடுங்கியது. சின்னச் சின்ன ஊர்கள். ஒரு தபாற்கந்தோர், ஒரு பேக்கரி, போரில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய தூண், அவ்வளவுதான் ஊர். பிறகு மலைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இரஞ்சிதம் "முருகா" என்றாள். ஒவ்வொரு வளைவிலும் வசிலிக்கி மூன்று விரலைச் சேர்த்துச் சிலுவை போட்டார். பத்துப் பன்னிரண்டு வளைவுக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் செய்யப் பழகிவிட்டார்கள்.

"அங்கிள், நான் மெதுவாத்தான் ஓடுறன்," என்றான் நிக்கோ. இந்த வசனத்தை அவன் தமிழிலேயே சொன்னான். வினுஷா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மற்றபடி நிக்கோவும் வசிலிக்கியும் துறவிகளும் ஆங்கிலத்தில் பேசியவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாடு ஒரு பெண்துறவிகளின் மடத்தில். தார் போடாத பாதையில் மேலே ஏறிப்போனால், தகரக் கூரை போட்ட நாலைந்து வீடுகள், ஒரு சின்னக் கோயில், தேன்கூட்டுப் பெட்டிகள், இருபது ஆடுகள். கறுப்பு உடுப்பில் ஐந்து சகோதரிகள். வசிலிக்கி முன்பே தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார்.

"உங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதென்று நானே சொன்னேன்," என்றார் அவர் என்னிடம், பெருமையோடு. "எங்களைப் போலவே. இறைச்சி இல்லை, மீன் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. இரத்தம் உள்ள எதுவும் இல்லை."

மேசைக்கு வந்தது ஒரு பெரிய தட்டம். அதை மூடியிருந்த துணியை மூத்த சகோதரி எடுத்தார். கணவாய். கடலில் பிடித்ததை வட்டம் வட்டமாக வெட்டி, கீரையோடு அவித்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தது.

கணவாய்க்கு இரத்தம் இல்லையாம். ஆகவே அது அவர்களுக்கு விரதச் சாப்பாடு. மற்ற நாளென்றால் நான் இரண்டு கோப்பை சாப்பிடுவேன். ஆனால் ஐம்பது வருடமாக வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாதவன் நான்.

அப்போது இரஞ்சிதம் தன் சட்டியைத் திறந்தாள். நெய் ஒழுகும் கேசரி. அடுத்த பாத்திரத்தில் தயிர்ச்சாதம். மூன்றாவதில் பால்ரொபி என்ற இனிப்பு. எல்லாம் அவர்களுடைய விரதத்துக்காகவே விடிய இரண்டு மணிக்கு எழும்பிச் செய்தவை. எல்லாம் சுத்த சைவம்.

வசிலிக்கி கேசரியை மணந்து பார்த்து, "வெண்ணெயா?" என்று கேட்டார்.

"பசுநெய்," என்றாள் இரஞ்சிதம்.

ஒரு பக்கத்தில் அவர்களுக்கு ஆகாத பால், மறுபக்கத்தில் எங்களுக்கு ஆகாத கணவாய். வினுஷாவின் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிறவள் போல இருந்தாள். பின்னாலிருந்து கஜீவன், "வடை இருக்கெல்லோ?" என்றான்.

வழியில் பிள்ளைகள் கொறிக்க என்று கட்டிய பருப்பு வடை, ஒரு செய்தித்தாளில் சுற்றி வாகனத்துக்குள் கிடந்தது. அவன் ஓடிப்போய் எடுத்துவந்தான். மூத்த சகோதரி ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். பருப்பு, வெங்காயம், காய்ந்த செத்தல் மிளகாய்.

"எண்ணெயும் விலக்குத்தான்," என்றார். "ஆனால் விருந்தாளிகள் வந்த நாள்."

அந்த மேசையில் ஆறு பேரும் ஐந்து சகோதரிகளும் பாணும் ஒலிவ் காயும் பருப்பு வடையும் சாப்பிட்டோம். ஓர் இளம் சகோதரி உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே நாலாவது வடையை எடுத்தார். புறப்படும்போது இரஞ்சிதம் கேசரியைச் சட்டியோடு அங்கேயே விட்டாள். சனிக்கிழமை விடிய அவர்கள் சாப்பிடலாம் அல்லவா. பதிலுக்கு ஒரு போத்தல் தேனும், ஒரு டப்பாவில் கணவாயும் வந்தன. அதையும் சனிக்கிழமைக்கு வைத்தோம்.

நிம்மிட்டபெல் என்ற ஊரில் வீதியோரமாகக் கல்லில் ஒரு யானை நிற்கிறது. ஏன் நிற்கிறதென்று எனக்குத் தெரியாது.

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ," என்றாள் இரஞ்சிதம்.

"அம்மா, அது சும்மா யானை," என்றாள் வினுஷா.

"எனக்குத் தெரியும் என்னெண்டு." இறங்கிப்போய் மூன்று தரம் தலையில் குட்டிக்கொண்டாள். வசிலிக்கியும் இறங்கினார். இரஞ்சிதம் குளிரில் வழுக்காமல் இருக்க அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் வாகனத்துக்குள் இருந்தபடி இதைப் பார்த்தேன். மகளை மாறச் சொல்வார் என்று அந்த அம்மாள்மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மறுபாதியை மடத்துக்கென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு மடத்தை அடைந்தோம். மடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் கூட்டத்தை விரும்புவதில்லை. சுற்றிவர மரமில்லாத மேடு. நிழல் விழுந்த இடமெல்லாம் காலையில் கொட்டிய உறைபனி இன்னும் உருகாமல் வெள்ளையாகக் கிடந்தது. மரத்தால் கட்டிய கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மாலை வழிபாடு தொடங்குகிறது, முடிந்த பிறகுதான் பாதர் பேசுவார் என்று ஒரு துறவி சொன்னார்.

கோயில் வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றி அதற்குள் வைத்தேன்.

"அங்கிள், இங்கே கழற்றத் தேவையில்லை," என்றான் நிக்கோ.

"கோயில்தானே?"

"ஓம், ஆனால்..."

"கோயிலுக்குள் தோல் சப்பாத்தோடு போற வழக்கம் எங்களுக்கு இல்லை, தம்பி."

மற்றவர்கள் சப்பாத்தோடு போனார்கள். என் மனைவியும் மக்களும் அப்படியே போனதை நான் கவனிக்காமல் இல்லை. உள்ளே கல் பதித்த தரை. மெழுகுதிரி வெளிச்சம், சாம்பிராணி வாசம், கறுப்பாகிப்போன படங்கள். கதிரைகள் சுவரோரம் மட்டுமே. வயதானவர்கள் இருக்கலாம் என்று காட்டினார்கள். நான் இருக்கவில்லை. ஒன்றே கால் மணிநேரம் நின்றேன். வார்த்தை விளங்கவில்லை, ஆனால் ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாடுவது எங்கள் தேவாரம் போலத்தான் இருந்தது. அரைமணிநேரத்துக்குப் பிறகு காலில் வலி இல்லை. காலே இல்லை என்பது போல இருந்தது.

வெளியே வந்து பார்த்தால் சப்பாத்து இல்லை. உறைந்துபோகாமல் இருக்க ஒரு துறவி அதை எடுத்துக் குசினி அடுப்படியில் வைத்திருந்தார். குசினி முற்றத்துக்கு அந்தப்புறம். நான் உறைபனியில் நடந்து போனேன். படியேறும்போது கால் மடங்கியது. நிக்கோ ஒரு பக்கம், கஜீவன் மறுபக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்து இருத்தினார்கள். கால்விரல்கள் நீலமாக இருந்தன.

"உங்களுக்கு இது தேவையே?" என்றாள் இரஞ்சிதம். "எழுபத்திரண்டு வயசில."

பாதர் யெராசிமோஸ் வந்தார். எண்பது வயது. நெடிய மனிதர், வயிறுவரை வெண்தாடி. என் காலைப் பார்த்தார். "ஏன் கழற்றினீர்கள்?" என்று கேட்டார்.

"கடவுள் இருக்கிற இடம்," என்றேன்.

"உன் பாதணிகளைக் கழற்று, நீ நிற்கும் இடம் பரிசுத்தமானது என்று எங்கள் வேதத்திலும் இருக்கிறது," என்றார். "ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு இந்தக் கனத்த சப்பாத்தோடு நடக்கிறோம்."

அகன்ற பாத்திரம் ஒன்றில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு என் முன்னால் முழங்காலில் இருந்து, என் வலது காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தார்.

நான் இழுத்தேன். ஒரு சந்நியாசி என் காலைப் பிடிப்பதா? நாங்கள்தான் அவர்களுடைய காலில் விழவேண்டும். "இது முறையில்லை," என்றேன். அவர் குதிக்காலை விடவில்லை. நாற்பது வருடம் மண் கொத்திய கை. இன்னொரு துறவி காலைத் துடைப்பதற்கென்று வெள்ளைத் துவாய் ஒன்றைத் தந்தார். கையில் வைத்திருக்க முடியாமல் அதைச் சால்வை போலத் தோளில் போட்டுக்கொண்டேன். பாதர் குனிந்து, உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி என் கணுக்காலில் ஊற்றினார். இந்த நேரத்தில்தான் கஜீவன் தன் போனில் ஒரு படம் எடுத்தான்.

தலையை நிமிர்த்தாமலே பாதர் பேசினார்.

"என் தங்கை என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். உங்கள் மகளை ஞானஸ்நானம் பெறச் சொல்லும்படி."

சொல் வந்துவிட்டது. எழும்பி வாகனத்தில் ஏறுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். என் கால் இரண்டும் அவருடைய கையில் இருந்தன. வினுஷா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். நிக்கோ அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் சொல்லமாட்டேன்," என்றார் பாதர். "அந்தக் கதவால் வருகிறவர்கள் தாங்களாக வரவேண்டும். கல்யாணத்துக்காகத் தண்ணீரில் இறங்குவது கடவுளிடம் பொய் சொல்வது. அதே நேரத்தில், அது இல்லாமல் எங்கள் கோயிலில் இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டும் உண்மை. வசிலிக்கி, ஒரு உண்மைக்காக மற்றதை மறைக்க என்னால் முடியாது."

வசிலிக்கி கிரேக்கத்தில் ஏதோ கேட்டார்.

"அவர்களுடைய கோயிலில் கட்டட்டும்," என்றார் பாதர் எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில். "நிக்கோவுக்கு இதனால் எங்கள் திருச்சபைக்குள் வருகிற கஷ்டத்தை நானும் அவனும் பேசிக்கொள்வோம். அது அவன் சுமக்க வேண்டியது, இந்தப் பிள்ளை அல்ல. குளிருக்குள் கல்லில் நின்று மரியாதை செய்யத் தெரிந்த வீடு இது. நீ இவளை மகளாக எடு."

வசிலிக்கி முந்தானை போன்ற தன் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வினுஷாவிடம் போய் அவளுடைய இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டார். பாதர் என் தோளிலிருந்த துவாயை எடுத்து, விரல் விரலாக என் காலைத் துடைத்தார்.

எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கல்யாண வாசலில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். கழுவியவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். அந்த மோதிரத்தோடு உறவு உறுதியாகிவிடும். பிறகு யாரும் பின்வாங்கமுடியாது. எனக்குப் பத்தொன்பது வயதில், என் அக்காவின் கல்யாணத்தில் நான் வரதராஜா அத்தானின் காலைக் கழுவினேன். அவர் போட்ட மோதிரம் அன்றிலிருந்து என் விரலில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தபோது எல்லாம் விற்றோம். அதை விற்கவில்லை.

என் வாழ்க்கையில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரின் காலைக் கழுவித்தான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணின் தகப்பனுடைய காலைக் கழுவியதை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

மோதிரத்தைக் கழற்றினேன். குளிரில் விரல் ஒடுங்கியிருந்ததால் இலகுவாக வந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் இரஞ்சிதம். "அது அத்தான் போட்டது."

"அப்பா, நீங்கள் என்ன செய்யிறீங்கள் எண்டு தெரியுமோ?" என்றான் கஜீவன்.

"தெரியும்," என்றேன். பாதரின் ஈரக்கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் திகைத்துப்போனார். "நாங்கள் எதையும் சொந்தமாக வைத்திருப்பதில்லை," என்றார். "கரண்டிகூட மடத்தினுடையது. இது என்ன?"

வினுஷா விளக்கினாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. நாலு வசனம் சொல்ல வெகுநேரம் எடுத்தாள்.

"அப்படியென்றால் நான் இப்போது இவருக்கு என்ன முறை?" என்று கேட்டார் பாதர்.

"மச்சான்," என்றான் கஜீவன். "என்ர வேலையை நீங்கள் செய்திட்டீங்கள். அந்தக் கணக்கில அப்பாதான் மாப்பிள்ளை."

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றாள் இரஞ்சிதம். "ஆனால் இந்த முறை சீதனம் கேக்கவேண்டாம் எண்டு சொல்லு."

"நான் அப்பவும் கேக்கேல்லை," என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லை. உங்கட அம்மா கேட்டவ."

பாதர் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மச்சான். மச்சான். பிறகு மோதிரத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துச் சிலுவை போட்டு, "வைத்திருக்க உரிமையுள்ளவன் வைத்திருக்கட்டும்," என்று நிக்கோவிடம் கொடுத்தார். நிக்கோவுக்குச் சின்னவிரலில்தான் அது நுழைந்தது. அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கழுவித் துடைத்த கால்; தொடுவதற்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுப்படியில் காய்ந்திருந்த காலுறையும் சப்பாத்தும் சூடாக இருந்தன. கூமா என்ற ஊரில் எடுத்திருந்த விடுதிக்கு இறங்கினோம். வளைவுகளில் இந்தமுறை யாரும் முருகனையும் கூப்பிடவில்லை, சிலுவையும் போடவில்லை. தாய்மார் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை. விடிந்து சனிக்கிழமை ஆனதும் அந்தக் கணவாயைச் சூடாக்கி நானும் நிக்கோவும் முடித்தோம். நல்ல கணவாய்.

ஆவணியில் முருகன் கோயில் மண்டபத்தில் கல்யாணம். எல்லோருக்கும் அழைப்பு வரும். பாதர் மலையிலிருந்து இறங்குவதில்லை. மெழுகுதிரி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நிக்கோவின் காலை, முறைப்படி, கஜீவன் கழுவுவான்.

கஜீவன் எடுத்த படத்தை அவன் குடும்பக் குழுவில் போட்டான். அங்கிருந்து அது யோகாவின் போனுக்குப் போயிருக்கிறது. தோளில் வெள்ளைத் துவாயோடு நான்; எனக்கு முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு துறவி; நடுவில் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் மரக்கறிக் கடைக்குப் போன இடத்தில் தெரிந்தவரான சிறிதரன் என்னைக் கண்டு, ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணை, புதுப் பேர் என்ன வச்சவை?" என்று கேட்டார். பெயர் நிக்கோலாஸ் தேவராஜா என்று யோகா சொன்னாராம். தன் கண்ணால் கண்டது போலச் சொன்னாராம்.

நான் ஞானஸ்நானம் பெறவில்லை. என் பெயர் தேவராஜா. அது கால் கழுவிய தண்ணீர்.